வால்வை வெட்டிய பிறகு

புதுச்சேரியில் குழந்தைகள் அறுவைசிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். கடலூர், சிதம்பரம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் குழந்தைகள் வருவார்கள். எனக்கு எப்போதும் மனதில் நிற்பவர்கள் மூத்திரத்தாரை வால்வுக் கோளாறோடு பிறக்கும் ஆண் குழந்தைகள். ஏறக்குறைய 5000 முதல் 8000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது இது. சிறுநீர் வெளியேறும் பாதையை ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு அடைத்துக்கொள்கிறது. கருவிலேயே சிறுநீர்ப்பை அந்தத் தடையோடு மல்லுக்கட்டித் தடித்துப்போகிறது; அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களும் கெடுகின்றன.

பலருக்குக் கர்ப்பகால ஸ்கேனிலேயே சந்தேகம் வந்துவிடும். மற்றவர்களிடம், நீர் பீய்ச்சி அடிக்கிறதா, சொட்டுகிறதா என்று கேட்போம். தாய்மார்கள் இதைத் துல்லியமாகக் கவனித்திருப்பார்கள்.

முதலில் மெல்லிய குழாய் செருகி நீரை வடிக்கிறோம். அடைப்பு நீங்கியதும் சில குழந்தைகளுக்குச் சிறுநீர் வெள்ளமாகக் கொட்டும். மணிக்கு மணி அளந்து, எடை பார்த்து, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். குழந்தை தேறியதும் சிறுநீர்ப் பாதை வழியாகவே சிறு கருவியைச் செலுத்தி மருத்துவர்கள் மடிப்பை வெட்டிவிடுகிறார்கள். வெளியே தையலே இருக்காது.

அதனாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றிவிடுகிறது. "பையன் நன்றாக ஓடியாடுகிறானே சிஸ்டர், இன்னும் எதற்கு வர வேண்டும்?" என்று கேட்டார் முந்திரி உடைக்கும் ஒரு தாய். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வரத்தான் வேண்டும். தடித்த பை பலருக்கு முழுதாகச் சீராவதில்லை. வலி எதுவும் காட்டாமலேயே சிறுநீரகம் தேய்ந்து, பதின்வயதில் டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு, ரத்த அழுத்தம், ஸ்கேன் ஆகிய மூன்றையும் தொடர்ந்து பார்த்தால்தான் முன்கூட்டியே தெரியும்.

பள்ளிக்கூடம் எனக்குப் பெரிய கவலை. இந்தப் பிள்ளைகளில் பலருடைய சிறுநீரகங்களுக்கு நீரைச் சேமிக்கும் திறன் குறைவு; நிறைய குடிக்க வேண்டும், இரண்டு மூன்று மணிக்கொரு முறை போக வேண்டும். அவர்களோ கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரையே தவிர்க்கிறார்கள். அதற்காகவே மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தனுப்புகிறோம். ஆசிரியர்களே, கடிதம் கொண்டுவராத பிள்ளை கேட்டாலும் தயவுசெய்து உடனே அனுப்பிவிடுங்கள்.