ஜேட் கொக்கி: கல் நிஜம், வயசு?

ஹாங்காங் வந்த இரண்டாம் வருடம், ஹாலிவுட் ரோடு பக்கம் ஒரு கடையில் வெண்பச்சை ஜேட் கல்லில் செய்த இடுப்புப்பட்டைக் கொக்கி ஒன்று வாங்கினேன். முனையில் டிராகன் தலை, முதுகில் அதையே முறைத்துக்கொண்டு ஒரு குட்டி டிராகன். 4,800 ஹாங்காங் டாலர். 1759இல் ஷின்ஜியாங் சீனப் பேரரசர் சியன்லோங் கைக்கு வந்து, அங்குள்ள கோத்தான் ஊர் ஜேட் அரண்மனைக்கு வந்து குவிந்ததே, அந்தக் காலத்துப் பொருள் என்றார் கடைக்காரர். வரலாறு சரிதான், அதில்தான் நான் கவிழ்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம். செர்பென்டைன் என்ற மெத்தென்ற கல்லையும் ஜேட் என்று தள்ளிவிடுவார்களாமே! டிஜிட்டல் தராசில் போட்டேன், 62 கிராம். அப்புறம் தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணை சைபர் ஆக்கிவிட்டு, கொக்கியை நூலில் கட்டி அடியில் தட்டாமல் முக்கினால் 21 காட்டியது. அது கொக்கியின் கன அளவுத் தண்ணீரின் எடை. 62ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 2.95. ஜேட் என்று சொல்லும் இரண்டு கற்களில் ஒன்றான நெஃப்ரைட் அங்கேதான் வரும். இன்னொன்றான பர்மா ஜேடைட் என்றால் 3.3ஐத் தாண்டும், செர்பென்டைன் 2.6 பக்கம் நிற்கும். ஒரே குஷி.

பரிசோதனைக் கூடத்துச் சான்றிதழும் இயற்கை நெஃப்ரைட் என்றே வந்தது. எந்தக் காலம் என்று கேட்டால், கல் என்ன என்றுதான் சொல்வோம், எப்போது செதுக்கியது என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். இது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

கடைசியில் அலுவலக நண்பரின் மாமாதான் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தார். ஜேட்டில் கத்தி ஏறாது. அந்தக் காலத்தில் காலால் மிதித்துச் சுற்றும் இரும்பு வட்டில் ஈர மணலைப் போட்டு, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்தே உருவம் எடுப்பார்களாம், அதனால் நல்ல வேலையில் பள்ளத்துக்குள்ளும் மெருகு ஏறியிருக்கும் என்றார். என்னுடையதில் பிடரிக் கோடுகளின் அடியில் சீப்பு வாரியது போலக் கூரான கீறல்கள், மின்சார வைர முனை ஓடிய தடம். மேலே மட்டும் பளபளப்பு.

கடைக்குப் போனேன். அவர் ரசீதைக் காட்டினார்: "ஜேட் கொக்கி, ஒன்று." பொய்யே இல்லை!

போன மாதம் வேறொரு கடையில் ஒரு ஜேட் வாத்து. பதினெட்டாம் நூற்றாண்டு என்றார்கள். அதை ரசீதில் எழுதித் தாருங்கள் என்றேன். விலை பாதியானது.