கடைசி வண்டியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பைக் ரைடு உறுதி. மொத்தம் 12 வண்டி. அதில் இரண்டு பேருக்கு இதுதான் முதல் க்ரூப் ரைடு. ஒருவர், தனியாக நன்றாக ஓட்டிப் பழகிய ஒரு தம்பி. இன்னொருவர் ட்ரைக், அதாவது மூன்று சக்கர பைக், வைத்திருக்கும் அக்கா. நான் வழக்கம்போல ஸ்வீப், அதாவது கடைசி வண்டி. முன்னால் வழிநடத்திப் போகிற லீடுக்குச் சாலை தெரியும். கடைசியில் வருகிறவனுக்குத்தான் குழு தெரியும். யாருக்கு வளைவைக் கண்டால் தயக்கம், யார் இன்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார், எல்லாம் பின்னாலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மாலையில் தம்பி போன் செய்தார். ஹெல்மெட்டில் ப்ளூடூத் வேண்டுமா, கேமராவை எங்கே மாட்டுவது என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். உங்கள் வண்டி ஒரு டேங்குக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பார்த்துச் சொல்கிறேன் அண்ணா என்றார். க்ரூப்பில் எங்கே பெட்ரோல் போடுவது என்பதை முடிவு செய்வது லீடு இல்லை, இருப்பதிலேயே சின்ன டேங்க்தான். அந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி வழியில் ஒருவருக்காக எல்லோரும் பங்க் தேடி அலைய வேண்டாம். கூடும் இடத்துக்கு டேங்கை நிரப்பிக்கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் குழுவில் எழுதப்படாத சட்டம். வந்த பிறகு "ஒரு நிமிஷம், பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்றால், அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகும்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று வரிசையைப் பற்றிப் பேச்சு. பன்னிரண்டு பேரும் ஒரே கூட்டமாகப் போகலாமே, பார்க்க நன்றாக இருக்குமே என்று ஒருவர் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு வினாடியில் சுமார் 22 மீட்டர் ஓடும். ஒற்றை வரிசையில் ஒவ்வொருவருக்கும் நடுவே 2 வினாடி இடைவெளி என்றால் 12 வண்டிகளின் நீளம் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர். அவசரமாகப் போகிற கார்க்காரர் அதை எப்படித் தாண்டுவார்? நடுவில் நுழைவார். நுழைந்துவிட்டுப் பிரேக் அடிப்பார். ஆகையால் ஆறு ஆறாக இரண்டாகப் பிரித்துவிட்டோம். புதியவர்கள் இருவரும் என் குழுவில்.

தம்பிக்கு மாறுவரிசையைப் படம் போட்டு அனுப்பினேன். நேரான, அகலமான சாலையில் லீடு தன் லேனுக்குள் நடுக்கோட்டுப் பக்கம் போவார். அடுத்தவர் லேனின் ஓரப் பக்கம், ஒரு வினாடி பின்னால். மூன்றாமவர் மறுபடி நடுக்கோட்டுப் பக்கம், அதாவது லீடுக்கு நேர் பின்னால் 2 வினாடி. இரண்டு வண்டி அக்கம்பக்கமாக, பேசிக்கொண்டு போகிற மாதிரி, எப்போதும் கூடாது. பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்தில் இடம் வேண்டும் இல்லையா? இந்த மாறுவரிசையின் பயனே அந்த இடம்தான்.

இதைக் கேட்டவர்கள் செய்யும் வழக்கமான தவறு, வளைவிலும் அப்படியே போக நினைப்பது. வளைவில் ஒவ்வொருவருக்கும் லேனின் முழு அகலமும் வேண்டும். அங்கே ஒற்றை வரிசை. மழை, இருட்டு, குறுகிய சாலை, ஜல்லி சிதறிக் கிடக்கும் இடம், நெடுஞ்சாலையில் ஏறும் இறங்கும் வழி, இங்கெல்லாமும் ஒற்றை வரிசைதான். அமைப்பைக் காப்பாற்றப் போய் வளைவில் உள்பக்கமே ஒட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் ஒரு காலி மைதானத்தில் அக்காவின் ட்ரைக்கோடு இரண்டு மணி நேரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று சக்கரம் வைத்த வண்டி. அக்கா வெகுநாள் பைக் ஓட்டியவர், ட்ரைக்குக்கு மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. பைக் ஓட்டிய பழக்கம் பாதி உதவும், பாதி எதிராக நிற்கும்.

முதலில் கால். பைக்கில் வண்டி நிற்கப்போகும் நேரத்தில் கால் தானாகக் கீழே இறங்கும். பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ட்ரைக்கில் காலுக்கு நேர் பின்னால் சக்கரம் வருகிறது. வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போது கால் தரையைத் தொட்டால் அந்தச் சக்கரம் பாதத்தின் மேலேயே ஏறிவிடும். அக்காவை நடை வேகத்தில் நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன். சக்கரம் முழுசாக நிற்பதற்கு முன்பே இடது குதிகால் ஃபுட்போர்டை விட்டு இரண்டு விரல்கடை எழுந்தது. அவருக்கே தெரியவில்லை. மறுபடி, மறுபடி நிறுத்தினோம். கடைசியில் குதிகால் எழவில்லை. அப்புறம்தான் தண்ணீரே குடித்தோம்.

அடுத்தது திருப்பம். பைக்கை வலப்பக்கம் சாய்க்க வலது ஹாண்டிலை முன்னால் தள்ளுவோம். ட்ரைக் சாயாது, போக வேண்டிய பக்கம் ஹாண்டிலைத் திருப்பத்தான் வேண்டும். வேகமாக வளைத்தால் ஓட்டுகிறவரை வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்கச் சக்கரம் இலேசாகும். சாய்ந்து சமாளிக்க வழியில்லாததால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

க்ரூப்பில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பைக் ஓட்டுகிறவர் பள்ளத்தைக் கடைசி நொடியில் விலக்கிப் போய்விடுவார். பின்னால் வரும் ட்ரைக்குக்கு மூன்று தடம். ஒன்று தப்பினால் இன்னொன்று விழும். அதனால் ட்ரைக்குக்கு முன்னால் போகிறவர் பள்ளத்தை முன்கூட்டியே கையால் காட்டியே ஆக வேண்டும். ட்ரைக் மாறுவரிசையிலும் சேராது, லேன் முழுக்க அதற்கே வேண்டும். அதன் பின்னால் போகிற பைக்குக்கு முன்னால் உள்ள சாலையும் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் பார்த்து அக்காவுக்குக் கடைசிக்கு முந்திய இடம். அவருக்குப் பின்னால் நான் மட்டும்.

"கடைசியில போடறீங்களே, நான் என்ன அவ்வளவு மெதுவாவா ஓட்டறேன்?" என்று சிரித்தார். நான் உங்களுக்கும் கடைசி அக்கா என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

சைகைகள். கைச் சைகை எல்லாம் இடது கையால்தான், வலது கையில் ஆக்ஸிலரேட்டர் இருப்பதால். தலைக்கு மேல் ஒரு விரல்: ஒற்றை வரிசை. இரண்டு விரல்: மாறுவரிசை. உள்ளங்கை கீழே பார்க்கக் கையைத் தாழ்த்தி அமுக்கினால் வேகத்தைக் குறை. டேங்கைக் காட்டினால் பெட்ரோல். விரல்களை மூடித் திறந்தால் உன் இன்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்கிறது. இடப்பக்கப் பள்ளத்தைக் கையால், வலப்பக்கப் பள்ளத்தைக் காலால் காட்டலாம். குழுவுக்குக் குழு சிலது மாறும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். வளைவின் நடுவிலோ பிரேக் பிடிக்கும்போதோ கையை எடுக்கச் சைகை ஒரு காரணமே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

தம்பி வண்டியின் படம் அனுப்பினார். பளபளவென்று கழுவியிருக்கிறார். செயின் மட்டும் தொங்குகிறது. இறுக்கி, எண்ணெய் போட்டு, டயரில் காற்று குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொன்னேன். புது டயர் மாட்டலாமா என்றார். ரைடுக்கு முந்தின நாள் புது டயர் வேண்டாம். முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் வரை அது வழுக்கும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நீண்ட நாள். சுருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நடக்காது போலிருக்கிறது.

கிளம்பும் முன் கால் மணி நேரப் பேச்சு. லீடு இரண்டே விஷயத்தை அழுத்திச் சொன்னார். சிக்னலில் குழு பிரிந்தால் பிரியட்டும், சிவப்பைத் தாண்டி யாரும் துரத்த வேண்டாம். முன்னால் போனவர்கள் மெதுவாகப் போவார்கள், அல்லது ஒதுங்கி நிற்பார்கள். இரண்டாவது, யாராவது நின்றால் ஸ்வீப் மட்டும்தான் நிற்பார். மற்றவர்கள் அடுத்த சந்திப்பு இடம் வரை போக வேண்டும். ஆறு வண்டி சாலையோரம் வரிசையாக நின்றால் அதுவே இன்னொரு விபத்துக்கு அழைப்பு.

தம்பியை லீடுக்கு நேர் பின்னால் வைத்தோம். புதியவரைக் கடைசியில் விட்டால் என்ன ஆகும் என்பது முதல் மலைவளைவிலேயே தெரியும். லீடு வளைவுக்காக வேகம் குறைத்து, வெளியே வந்ததும் கூட்டுவார். அந்த நேரம் பின்னால் இருப்பவர் வளைவுக்குள்ளேயே நுழைந்திருக்க மாட்டார். இடைவெளி ரப்பர் மாதிரி இழுபடும். அதை அடைக்கப் பின்னவர் லீடை விட வேகமாக ஓட்ட வேண்டும். ஆக, லீடு 80-இல் போனாலும் கடைசி ஆள் 100-ஐத் தொட்டுக்கொண்டிருப்பார். அனுபவமில்லாதவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது அநியாயம்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றைக் கவனித்தேன். நீண்ட வளைவுகளில் முழு வரிசையும் பக்கவாட்டில் எனக்குத் தெரியும். லீடின் பிரேக் லைட் எரிந்த அதே கணம் தம்பியின் லைட்டும் எரிகிறது. அணைந்தால் அணைகிறது. அவர் சாலையைப் பார்த்து ஓட்டவில்லை, முன்னால் உள்ள சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டுகிறார். லீடு தடம் மாறிப் பள்ளத்தில் இறங்கினால் இவரும் இறங்குவார்.

முதல் நிறுத்தத்தில் சொன்னேன்: "தம்பி, அவர் முதுகைப் பார்க்காதீங்க. அவரைத் தாண்டி, வளைவு எங்கே முடியுதுன்னு பாருங்க. அவர் ஓரக்கண்ணில் இருந்தால் போதும்."

"இடைவெளி அதிகமாயிடுமே அண்ணா, எல்லாரும் எனக்காகக் காத்திருக்கணுமே?"

"காத்திருக்கத்தானே வந்திருக்கோம்."

அடுத்த மலைத்துண்டில் அவர் லைட் தனியாக எரிந்தது. சில வளைவுகளில் லீடுக்கு முன்பாகவே. இடைவெளி மூன்று நான்கு வினாடி ஆனது. யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஒரு லாரியைத் தாண்டும்போதும் நன்றாகச் செய்தார். லீடு போய்விட்டார் என்று பின்னாலேயே பாயவில்லை. தன் கண்ணால் எதிர்ச்சாலையைப் பார்த்து, இரண்டு கார்களை விட்டுவிட்டுப் போனார். போன பிறகு உடனே வேகத்தைக் குறைக்காமல், பின்னால் வருகிறவர் உள்ளே வர இடம் விட்டார். முன்னால் போனவர் கையசைத்து வரச் சொன்னாலும் அதை நம்பித் தாண்டக் கூடாது. அவர் பார்த்த சாலை வேறு, நான் போகும்போது இருக்கும் சாலை வேறு.

மதியத்துக்கு மேல் ஒரு சிக்கல். எங்கள் முறையில் திருப்பம் வரும் முனையில் வரிசையில் ஒருவர் நின்று வழிகாட்டுவார். ஸ்வீப் வந்ததும் அவர் எனக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். வழக்கமாக லீடுக்கு அடுத்தவர் நிற்பார். தம்பி புதியவர் என்பதால் மூன்றாமவருக்கு அந்த வேலை. நான்காவது வண்டியில் பையைக் கட்டிய பட்டை அவிழ்ந்து பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் ஆடியது. ஹாரன் அடித்து நிறுத்தினேன். அக்கா சொன்னபடியே நிற்காமல் போனார். பட்டையை வெட்டி மறுபடி கட்ட நேரமாகிவிட்டது. இதற்குள் முனையில் நின்றவர், தூரத்தில் என் வண்டி மாதிரியே ஒன்று வருவதைப் பார்த்து நான்தான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார். அது யாரோ வழிப்போக்கர்.

அக்கா அந்த முனைக்கு வந்தபோது ஆளில்லை. மூன்று பக்கம் சாலை. நாங்கள் வரும்போது, திருப்பத்தை விட்டுத் தள்ளி அகலமான ஓரத்தில் ட்ரைக்கை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்டிகேட்டரை எரியவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிழலில் நின்றுகொண்டிருந்தார். தெரியாமல் ஒரு பக்கம் போயிருந்தால் இருட்டும் வரை தேடியிருப்போம். போன் செய்தீர்களா என்றேன். "பின்னால நீங்க இருக்கீங்கன்னு தெரியும், அப்புறம் எதுக்கு போன்?" என்றார்.

முனையில் நின்றவரிடம் மாலையில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஸ்வீப்பின் முகம் தெரியாமல் முனையை விடக் கூடாது. மழை வந்தாலும், ஒரு மணி நேரம் ஆனாலும்.

பிப்ரவரி 16, திங்கள்

உடம்பு வலி. தம்பிக்குக் கழுத்துதான் வலிக்கிறதாம். காற்றை எதிர்த்துத் தோளை இறுக்கிப் பிடித்திருப்பார். முழங்கை மடங்கித் தளர்வாக இருந்தால் இவ்வளவு வராது. அடுத்த தடவை காது அடைப்பானும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மணிக்கணக்கில் காற்றின் இரைச்சலைக் கேட்டால் களைப்பு இரட்டிப்பாகும்.

அக்கா அடுத்த ரைடில் தானும் முனையில் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். ட்ரைக் தூரத்திலிருந்தே தெரியும், நல்ல யோசனைதான். நிறுத்த இடம் உள்ள, சரிவில்லாத முனையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று லீடுக்கு எழுதிவிட்டேன். எனக்கு ஒரு பளிச்சென்ற மஞ்சள் வெஸ்ட் வாங்க வேண்டும், இனி யாரும் வேறு யாரையும் பார்த்து நான் என்று நினைக்காதபடி.