மாவு தூவிய பிஷப்

வட அயர்லாந்தின் டவுன்ஹில் குன்றுக்கு நான் கூட்டிவரும் பயணிகளில் பாதிப்பேர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கேட்டுவிடுவார்கள்: விருந்தாளிகளில் யார், யாருடைய அறைக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க ராத்திரியில் தரையில் மாவு தூவி வைத்தாராமே, அந்த பிஷப் இவர்தானா?

இவர்தான். ஃபிரெடரிக் ஹார்வி. 1730-இல் பிறந்தவர். 1768-லிருந்து சாகும்வரை டெர்ரியின் ஆங்கிலிக்கன் (புராட்டஸ்டன்ட்) பிஷப். அண்ணன்மார் இருவருக்கும் முறையான வாரிசு இல்லாததால் 1779-இல் பிரிஸ்டல் பிரபு பட்டமும் இவருக்கே வந்தது. பாதிரிமார்களைக் கடற்கரையில் குதிரைப் பந்தயம் ஓடவைத்து, ஜெயித்தவருக்கு நல்ல வருமானமுள்ள சபையைக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ஊர் வாயில் வழங்கும் கதைகள்தான். வட அயர்லாந்துக் கரையில் வழிகாட்டியாக இருப்பவருக்கு இவை சோறு போடும் கதைகளும்கூட. ஆனாலும் இவற்றை முதலில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சிரித்துவிட்டால் ஆள் தப்பிவிடுகிறார். அவர் செய்த நல்லதும் மறைந்துபோகிறது, உண்மையான தப்பும் மறைந்துபோகிறது.

அந்தத் தப்பு இதுதான். டெர்ரி, அயர்லாந்தின் பணக்கார மறைமாவட்டங்களில் ஒன்று. அந்த வருமானத்தை வாங்கிக்கொண்டு, கடைசிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தாலியில் சிலைகளும் ஓவியங்களும் வாங்கிக் குவித்தார். 1798-இல் பிரெஞ்சுப் படை அந்தச் சேகரிப்பைப் பறிமுதல் செய்தது. அவரையும் மிலானில் சிறைவைத்தது. 1803-இல் அல்பானோ அருகே வழியிலேயே இறந்தார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் பயணிகளை மஸ்ஸெண்டன் கோயிலுக்கு அழைத்துப்போவேன். 1785-இல் அவர் கட்டிய வட்டமான நூலகம். தூண்கள் சூழ, மேலே குவிமாடம். ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் குதிரை வண்டியே போகுமாம். இன்று கடல் பக்கம் சுவரை ஒட்டியே பாறை விளிம்பு. அடியில் குகைப்பாதை வழியாக டெர்ரி ரயில் ஓடுகிறது. பெயர், அவருடைய உறவுப்பெண் ஃபிரைட்ஸ்வைட் மஸ்ஸெண்டனுடையது. இருவரையும் இணைத்து ஊர் பேசியது. அவளோ 22 வயதிலேயே இறந்துபோனாள். குவிமாடத்துக்குக் கீழே லத்தீன் எழுத்துகளைச் சுற்றிவந்து படிக்க வேண்டும்: புயலில் தத்தளிப்பவனைக் கரையிலிருந்து பார்ப்பது இனிது என்று பண்டைய ரோமக் கவிஞன் லுக்ரேசியஸ் எழுதிய வரிகள். கடவுளர் மனிதர் காரியங்களில் தலையிடுவதில்லை என்ற கவிஞனை, ஒரு பிஷப் தன் கட்டடத்தில் பொறித்துவைத்திருக்கிறார்!

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கத்தோலிக்கர்களுக்கு வாராவாரம் பூசை நடத்த இடம் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் உட்காரவோ வாக்களிக்கவோ கத்தோலிக்கருக்கு உரிமை இல்லாத காலம் அது. அவர்களுக்கு உரிமை வேண்டும் என்று வெளிப்படையாகவே வாதாடினார். சொந்தச் சபைக்காரர்கள் பலருக்கு அவர்மேல் கோபம் வந்ததில் வியப்பில்லை. எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமும் அதுதான்.

இங்கிலாந்தின் சஃபோக்கில், அவருடைய குடும்பத்தின் இக்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் 1817-இல் டெர்ரி மக்கள் பணம் போட்டு அவருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பணம் கொடுத்தவர்களில் டெர்ரியின் கத்தோலிக்க பிஷப்பும் ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டன்ட் போதகரும் உண்டு என்று அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. இவ்வளவும் சொன்ன பிறகும் யாராவது மாவைப் பற்றிக் கேட்டால், அதையும் சொல்கிறேன்.