செயின்ட் வின்சென்ட்ஸ் இருந்த மூலை

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் நிற்காத ஒரு மூலை, செவன்த் அவென்யூவும் மேற்கு 12-ஆம் தெருவும் சந்திக்கும் இடம். அங்கே இருந்த செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையை 2010 ஏப்ரல் 30 அன்று மூடிவிட்டார்கள். இப்போது அந்த வளாகம் பெரும் பணக்காரர்களுக்கான குடியிருப்பு. பழைய கட்டடங்களில் சிலவற்றை இடித்து, சிலவற்றை வீடுகளாக்கிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. தொடங்கிய கதை தெரிந்தால் கொஞ்சம் கசக்கும்.

1849-ல் சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி சபைக் கன்னியர்கள் நால்வர் கிழக்கு 13-ஆம் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 30 படுக்கைகளைப் போட்டார்கள். பொறுப்பேற்ற சிஸ்டர் மேரி ஏஞ்சலா ஹியூஸ், நியூயார்க் ஆயரின் தங்கை. நகரத்தில் காலரா பரவிய வருடம் அது. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த அயர்லாந்து ஏழைகள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். கையில் காசில்லாதவர்களையும் கன்னியர்கள் சேர்த்துக்கொண்டார்கள். 1856-ல் இந்தப் பக்கம் இடம் மாறினார்கள். 1912-ல் டைட்டானிக்கில் பிழைத்தவர்கள் ஹட்சன் கரையில் வந்து இறங்கியபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1984. எய்ட்ஸ் என்றாலே மக்கள் ஒதுங்கிப்போன காலம். தன்பாலீர்ப்பாளர்கள் நிறைய வாழ்ந்த பகுதி இது. அவர்களைத் திருச்சபை எப்படிப் பார்த்தது என்பது ஊரறிந்தது. அப்படியிருந்தும் அமெரிக்காவின் முதல் எய்ட்ஸ் வார்டுகளில் ஒன்று இந்தக் கத்தோலிக்க மருத்துவமனையில்தான் திறக்கப்பட்டது. உரசல்கள் இல்லாமல் இல்லை, வாசலில் போராட்டங்களும் நடந்தன. எதிரே முக்கோணப் பூங்காவில் வெள்ளை எஃகு முக்கோணங்களாலான எய்ட்ஸ் நினைவுச்சின்னம் 2016-ல் வந்தது, எய்ட்ஸால் இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நியூயார்க்வாசிகளுக்காக.

2001 செப்டம்பர் 11 அன்று ஊழியர்கள் ஸ்ட்ரெச்சர்களோடு தெருவில் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் காயம்பட்டவர்கள் வரவில்லை. அப்புறம் கடன்தான். 2005-ல் ஒரு திவால் மனு, 2010-ல் இன்னொன்று.

பூங்காவை ஒட்டிக் கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. 1960-களில் மாலுமிகள் சங்கத்துக்காகக் கட்டி, பிறகு மருத்துவமனைக்குக் கைமாறியது. அதை இடித்துவிட்டுப் புதிய மருத்துவமனை எழுப்ப நிர்வாகம் பாரம்பரியப் பாதுகாப்பு ஆணையத்தோடு மல்லுக்கட்டி அனுமதியும் வாங்கியது. இடிப்பதற்குள் மருத்துவமனையே போய்விட்டது. 2014-ல் இருந்து இந்தப் பகுதியின் அவசர சிகிச்சைப் பிரிவு இயங்குவது அந்தக் கட்டடத்தில்தான்.