தீவு வேடமிட்ட டச்சுக் கப்பல்

இரண்டாம் உலகப் போரில் மரக்கிளைகளால் தன்னை மூடித் தீவுபோல் வேடமிட்டு ஜப்பானியரிடமிருந்து தப்பிய டச்சுக் கப்பல் ஆபிரகாம் கிரைன்சன். அதன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அந்த மரக்கிளைப் படத்தைத்தான் பகிர்கிறார்கள். அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

1930களில் நெதர்லாந்து கட்டிய யான் வான் ஆம்ஸ்டெல் வகைக் கண்ணிவாரி அது; அதாவது, எதிரி கடலில் வைக்கும் வெடிகளான கடற்கண்ணிகளை வாரி அகற்றும் கப்பல். நீளம் சுமார் 56 மீட்டர், வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.), ஆட்கள் 45 பேர். நீரில் அமிழும் ஆழம் இரண்டு மீட்டருக்குச் சற்றே மேல். இதுதான் முக்கியம். கடற்கண்ணி நீர்மட்டத்துக்குக் கீழே, அடியில் கட்டிய கம்பியில் நிற்கும். கப்பல் ஆழமாக அமிழ்ந்தால் வாருவதற்கு முன்பே மோதிவிடும்.

வாரும் முறை: பின்னால் எஃகு வடத்தை இழுத்துச் செல்வார்கள். கப்பல் ஓடும்போது எதிர்ப்படும் நீர், வடத்தின் நுனியிலுள்ள பலகைச் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ள, வடம் விரியும். கண்ணியின் கம்பி அதில் சிக்கி அறுபடும்; மிதந்து வரும் கண்ணியைச் சுட்டு அழிப்பார்கள். வேகம் குறைந்தால் விரிவு சுருங்கி, வாராத இடைவெளி விழும்.

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் வீழ்ந்தபோது அங்குள்ள சுரபாயாத் துறைமுகத்தில் இந்த வகைக் கப்பல்கள் நான்கு. தப்பியது கிரைன்சன் மட்டுமே. தளமெங்கும் கிளைகள், வெளியே தெரிந்த உடலுக்குப் பாறை நிறம். பகலில் கரையோரம் நங்கூரம், இரவில் மட்டும் ஓட்டம். நகரும் தீவை ஜப்பானிய விமானி உடனே கண்டுபிடித்துவிடுவான், அசையாமல் கிடந்ததுதான் காப்பாற்றியது. மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் சேர்ந்தது. இன்று நெதர்லாந்தின் டென் ஹெல்டர் நகரிலுள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.