கப்பலுக்கு டவல் அனுப்பிய அனுபவம்

கப்பலுக்கு டவல் சப்ளை என்றதும் பலரும் தூத்துக்குடியில் யாரைப் பார்க்கணும் என்று கேட்கிறார்கள். சொகுசுக் கப்பல் கம்பெனிகளின் கொள்முதல் அங்கே நடப்பதில்லை. கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூன்றுக்கும் தலைமையிடம் மயாமி வட்டாரம். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் டவல், பெட்ஷீட் மாதிரித் துணிகளை வாங்கிக் கொடுக்கும் லினன் சப்ளை கம்பெனிகள் இருக்கின்றன. மதுரை செல்லூரில் எங்கள் யூனிட்டுக்கு ஆர்டர் வந்தது அப்படி ஒரு கம்பெனி வழியாகத்தான். நூல் வளையம் நிற்கிற டெர்ரி நெசவை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிடுவோம். வெட்டி, ஓரம் அடித்து, செக் பண்ணி பேக் செய்வது எங்கள் வேலை.

காகித வேலையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஏற்றுமதி-இறக்குமதிக்கான ஐ.இ.சி. நம்பர், பருத்தித் துணி ஏற்றுமதி கவுன்சிலான டெக்ஸ்புரோசில் பதிவு, ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் ஏ.டி. கோடு, ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் எல்லாம் ஆடிட்டரும் கிளியரிங் ஏஜென்ட்டும் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

உயிரை வாங்கியது ஸ்பெக் ஷீட், அதாவது டவல் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல். கேபின் டவல் வெள்ளை, 70-க்கு 140 சென்டிமீட்டர், 500 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 500 கிராம்). அதாவது ஒரு டவல் 490 கிராம் நிற்க வேண்டும். டவலின் இரு முனைப் பக்கமும் தட்டையாக நெய்யும் டாபி பார்டர் கூடாது என்று தனியாகப் போட்டிருந்தது. "பார்டர் இல்லாத டவலை எவன்டா வாங்குவான்?" என்றார் அப்பா. காரணம் சலவைதான். பார்டரில் பூ, அதாவது நூல் வளையம், கிடையாது. அது ஒரு அளவுக்குச் சுருங்கும், பூப்பகுதி வேறு அளவுக்குச் சுருங்கும். கொஞ்ச நாளில் டவல் பார்டர் இருக்கும் இடத்தில் சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கொள்ளும்.

மெத்தென்று இருக்க சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவோமே, அதுவும் வேண்டாம் என்றார்கள். போட்டால் தண்ணீர் உறிஞ்சுவது குறையும். இன்னொன்று, கேபின் பையன்கள் டவலை மடித்து யானை, குரங்கு செய்து கட்டிலில் வைப்பது கப்பலில் வழக்கம். வழுவழு டவலில் யானை நிற்காது. இதை வீடியோவில் பார்த்த எங்கள் தையல் அக்காமார் அன்று மதியம் மிச்சம் கிடந்த டவலையெல்லாம் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை ஓடவில்லை.

நீச்சல்குள டவல் நீலக் கோடு போட்டது. சாயப்பட்டறை அண்ணன் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "தம்பி, சாதாரணமா போடுற ரியாக்டிவ் சாயம் போட்டா குளத்துத் தண்ணியில இருக்கிற குளோரின் தின்னுரும். வாட் சாயந்தான் நிக்கும். ரேட்டு கூட ஆகும், பரவால்லையா?" பரவாயில்லை என்றுதான் சொல்ல முடியும். கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் குளோரின் தண்ணீரில் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 105-ஈ03 சோதனையும் சுருக்கச் சோதனையும் கொடுத்தோம். அதோடு நிற்காமல், மதுரையில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் ஒரு லாண்டரியில் சாம்பிளை விட்டு மாசக்கணக்கில் ஓட்டச் சொன்னேன். துணி தாங்கியது, முதலில் விட்டது ஓரத்து நூல்தான். பருத்தி நூலை மாற்றி பாலியஸ்டர் நூலில் தைத்தோம். இந்த சோதனைக்கு யாரும் சர்டிபிகேட் தரமாட்டார்கள். ஆனாலும் என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

தீ சர்டிபிகேட் வேண்டுமே என்று சிலர் பயமுறுத்தினார்கள். கப்பலில் தீப் பாதுகாப்புச் சோதனைக்கான சர்வதேச விதியான எஃப்.டி.பி. கோடில் 7-ஆம் பகுதி திரைச்சீலைக்கு. 9-ஆம் பகுதி மெத்தை, தலையணை, போர்வை மாதிரிப் படுக்கைச் சாமான்களுக்கு. டவல் அதில் வராது. ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை) பக்கம் போனால் அது வேறு செலவு.

சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஃபுளோரிடாவில் ஒரு குடோனுக்குப் போகிறது. பயணிகளை ஏற்றும் கப்பல் காலையில் துறைமுகம் வந்து சாயந்திரமே கிளம்பிவிடும். அதற்குள் சாமான் ஏற வேண்டும் என்பதால் குடோனில் எப்போதும் இருப்பு வைத்திருப்பார்கள்.

பணம்தான் லேசில் வராது. எங்களுக்கு 90 நாள் கடன். நூல் வியாபாரி அவ்வளவு நாள் பொறுக்கமாட்டார். சரக்கு அனுப்புவதற்கு முன் வங்கி தரும் கடனான பேக்கிங் கிரெடிட்டுக்கு வங்கியில் முதலிலேயே பேசி வைத்தோம். வாங்குபவர் கைவிரித்தால் என்ன செய்வது என்று ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசியும் எடுத்தோம். இந்த வட்டியையும் பிரீமியத்தையும் டவல் விலையில் ஏற்றிய பிறகுதான் கொட்டேஷன் அனுப்பினேன்.