மலைக்கு ஏற்ற கிளட்ச்

நேற்று கொலராடோவின் ராபிட் இயர்ஸ் கணவாயில் நண்பரின் ஸ்னோமொபைலுக்கு (பனியில் ஓடும் வண்டி) கிளட்ச் வெயிட் மாற்றினோம். எஞ்சின் சுற்றச் சுற்ற வெளிப்பக்கம் விரிந்து பெல்ட்டை மேல் கியருக்குத் தள்ளும் சிறு எடைகள்தான் இவை. அந்தக் கணவாய் 9,400 அடிக்கு மேல்; காற்று அடர்த்தி குறைவு. டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் அங்கே கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. டர்போக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் அளவை இன்ஜெக்‌ஷன் தானாகவே குறைத்துக்கொள்ளும். கிளட்சுக்கு அந்த அறிவு கிடையாது. தாழ்வான ஊருக்குப் போட்ட கனமான வெயிட்டே இருந்தால், அது பெல்ட்டை அவசரமாக மேல் கியருக்குத் தள்ளும். எஞ்சினால் இழுக்க முடியாது. நிமிடத்துக்கு 8,000 சுற்றை ஒட்டி ஓட வேண்டியது கீழேயே முனகிக்கொண்டிருக்கும். வெயிட்டில் சில கிராம் குறைத்தால் சுற்று ஏறிவிடும்.

ஆனால் கெட்டிப் பாதையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெல்ட் சூடான பிறகு, ஆழமான புதுப்பனியில், ஏற்றத்தில், த்ராட்டிலை முழுசாக அழுத்துங்கள். அங்கே சுற்று மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. எடை குறைவான வெயிட்டோடு தாழ்வான இடத்தில் முறுக்கினால் எஞ்சின் அளவுமீறிச் சுற்றும். அதனால் பழைய வெயிட்டுகளைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.